படத்துக்குப் பழகியது, புரோகிராமுக்குப் புதியது

முன்பக்கம் ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு. பின்பக்கம் பில்லிங் சாப்ட்வேர், பள்ளிக்கூட வெப்சைட் என்று ஒரே கூரைக்கடியில் இரண்டு தொழிலும் நடத்தும் ஊர்ப்புறக் கடைக்காரர்களுக்கு,



உங்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஓப்பன் சோர்ஸ்ல எந்த ஏஐ மாடல் சார் பெஸ்ட்டு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போட்டுர்றேன்." ஒன்று சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு சொல்ல வேண்டும். அந்த இரண்டையும் நேர் எதிரான முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல். படம் போடும் மாடல் மூன்று வருடம் பழையதாக இருந்தாலும் கைக்குப் பழகியிருந்தால் விடாதீர்கள். புரோகிராம் எழுதும் மாடல் நேற்றுவரை நன்றாக வேலை செய்திருந்தாலும் அதன்மேல் ஒரு சந்தேகம் வைத்துக்கொண்டே இருங்கள்.

படத்தில் தப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். மணமகள் கையில் ஆறு விரல் என்றால் டீ கொண்டுவரும் பையனே சொல்லிவிடுவான். பில்லிங் சாப்ட்வேரில் விழுந்த ஒரு பைசாத் தப்பு, வருடக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் மேசையில்தான் தலைகாட்டும். தப்பைப் பிடிக்கிற வழியே வேறு வேறு எனும்போது மாடலைப் பிடிக்கிற வழியும் வேறாகத்தானே இருக்கும்?

முதலில் படம். 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளிவந்தது. கேமிங் கார்டு வைத்திருந்த கல்லூரிப் பையன்கள் வீட்டிலேயே படம் போட ஆரம்பித்தார்கள். அடுத்த ஜூலையில் அதன் பெரிய பதிப்பான எஸ்டிஎக்ஸ்எல். 1024க்கு 1024 பிக்சல், ஏறத்தாழ 7 ஜிபி ஃபைல். இன்றைய கணக்கில் இரண்டுமே கிழங்கள்தான். ஆனால் அவற்றைச் சுற்றி வளர்ந்த துணைக்கருவிகள் வேறெந்த மாடலுக்கும் இவ்வளவு இல்லை. 2023இல் வந்த கன்ட்ரோல்நெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுப்படத்தையோ நிற்கும் தோரணையையோ கொடுத்தால் அதை மீறாமல் படம் வரும். லோரா என்பது பெரிய மாடலின் மேல் ஒட்டவைக்கும் சின்ன ஃபைல். மாடலுக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்.

நம்மூர் வேலைக்கு லோராதான் உயிர். வெறும் ப்ராம்ப்டில் தமிழ்க் கல்யாணம் என்று கேட்டுப் பாருங்கள். மணமகள் லெஹங்காவில் வருவாள். மாப்பிள்ளை ஷெர்வானி போட்டுத் தலைப்பாகையோடு நிற்பார். நாதஸ்வரம் கேட்டால் கிளாரினெட்டுக்கும் ஷெனாய்க்கும் நடுவே ஏதோ ஒன்று கையில் இருக்கும், வாசிப்பவர் அதைப் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடித்திருப்பார். இந்த மாடல்கள் படித்ததெல்லாம் இணையத்தில் பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்போடு கிடந்த படங்கள். அங்கே இந்தியக் கல்யாணம் என்றாலே வடநாட்டுக் கல்யாணம்தான். மாடல் பெரிதானால் லெஹங்காவின் ஜரிகை இன்னும் தெளிவாக வரும், அவ்வளவே. உங்கள் கடையிலேயே இருபது வருட ஆல்பம் கிடக்கிறது. அதிலிருந்து இருபது முப்பது படம் எடுத்து, படத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, கூறைப்புடவைக்கு ஒரு லோரா, மணவறைக்கு ஒரு லோரா என்று பயிற்சி கொடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டிஎக்ஸ்எல்லுக்கு 12 ஜிபி கார்டிலேயே இது நடக்கும். நாளைக்கே வேறு மாடலுக்குத் தாவினால் அந்த லோரா அங்கே ஒட்டாது, மறுபடி முதலிலிருந்து. படத்தில் பழையதை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

புதியது எப்போதும் மேல் என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூனில் நடந்ததை நினைவூட்டுகிறேன். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 மீடியம் வந்தது. புல்வெளியில் படுத்திருக்கும் பெண் என்று கேட்டவர்களுக்குக் கை எது கால் எது என்று தெரியாத பிண்டங்கள் கிடைத்தன. உரிமத்திலும் குழப்பம் இருந்ததால் மாடல்களைப் பகிரும் சிவிட்டாய் தளம் அந்த மாடலைச் சில காலம் ஏற்கவே மறுத்தது. அடுத்த மாதமே ஸ்டெபிலிட்டி ஏஐ உரிமத்தைத் திருத்தி, ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருப்பவர்கள் வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்றது. நம்மில் அந்த வரம்பைத் தாண்டுகிறவர் யாராவது இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், கடன் கேட்க வேண்டும்.

அந்த ஆகஸ்டில், முதல் ஸ்டேபிள் டிஃப்யூஷனைச் செய்த ஆட்களில் சிலர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் தொடங்கிய பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ், ஃப்ளக்ஸ் 1 மாடலை வெளியிட்டது. 1200 கோடி பராமீட்டர். கையும் விரலும் ஒழுங்காக வந்தன, சொன்னதைக் கேட்டது. இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள். ஷ்னெல் என்பது அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்தது. கடையில் வைத்துச் சம்பாதிக்கலாம். டெவ் என்பதன் ஃபைல் கிடைக்கும், ஆனால் உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். ப்ரோ கையில் கிடைக்கவே கிடைக்காது, அவர்கள் சர்வரில்தான் ஓடும். இணையத்தில் ஃப்ளக்ஸ் என்று நீங்கள் பார்த்து மயங்கும் படங்களில் பெரும்பாலானவை டெவ்வில் போட்டவை. டெவ் உரிமத்தில் படத்தைப் பற்றிய விதி ஒன்று, மாடலை ஓட்டுவது பற்றிய விதி வேறொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன பொருள் என்று ஆட்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். வக்கீல் வைத்துப் படிக்க வேண்டிய உரிமம் நம் கடைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. டெவ்வின் மேல் பயிற்சி கொடுத்த லோராவும் அதே உரிமத்தின் கீழ்தான் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். லோரா பக்கத்தில் அடிப்படை மாடல் எது என்று ஒரு வரி இருக்கும். டவுன்லோடு பட்டனுக்கு முன்னால் அந்த வரியைப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர், லோரா சேமிப்பு ஏதும் இல்லாதவர் என்றால் 2025 நவம்பரில் அலிபாபாவின் டோங்யி குழு வெளியிட்ட இசட்-இமேஜ் டர்போவைப் பார்க்கலாம். 600 கோடி பராமீட்டர், அப்பாச்சி 2.0. அதே வீட்டிலிருந்து 2025 ஆகஸ்டில் வந்த குவென்-இமேஜும் அப்பாச்சிதான், ஆனால் 2000 கோடி பராமீட்டர். ஒரு பராமீட்டருக்கு 2 பைட் என்று கணக்குப் போட்டால் 40 ஜிபி. சுருக்கி ஓட்டலாம், இருந்தாலும் 8 ஜிபி கார்டை வைத்துக்கொண்டு அதை ஓட்டுகிறவருக்குப் பொறுமை நிறைய வேண்டும்.

குவென்-இமேஜின் பெருமையே படத்துக்குள் எழுத்தைப் பிழையில்லாமல் எழுதும் என்பதுதான். சீனமும் ஆங்கிலமும் அழகாக எழுதும். தமிழ் எழுதச் சொல்லிப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம். ழகரம் வந்தால் பாம்பு நெளிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ் மாதிரி இருக்கும், கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை. நான் பார்த்த திறந்த மாடல் எதுவும் ஒரு பத்திரிகை வாசகத்தை நம்பி ஒப்படைக்கும் நிலையில் இல்லை. ஆகவே, படத்துக்குள் எழுத்து நன்றாக வருகிறது என்பதற்காக ஒரு மாடலைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குப் பயனில்லை. மேலே மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் விட்டுப் படம் கேளுங்கள். எழுத்தை வழக்கம்போல் கோரல் டிராவில் போடுங்கள். உங்கள் கையில் இருக்கும் தமிழ் ஃபான்ட்டுக்கு எந்த மாடலும் ஈடில்லை.

ஃப்ளெக்ஸ்காரர்களுக்கு இன்னொன்று. பத்தடி அகல பேனர் 120 அங்குலம். 1024 பிக்சல் படத்தை அப்படியே இழுத்தால் அங்குலத்துக்கு எட்டு பிக்சல் சொச்சம். முகம் சதுரம் சதுரமாகத் தெரியும். 72 என்று வைத்தாலே 8640 பிக்சல் வேண்டும். எட்டு மடங்குக்கு மேல். ஆக உங்கள் வேலையின் தரத்தை முடிவு செய்வது படம் போடும் மாடலைவிட அதைப் பெரிதாக்கும் மாடல்தான். ரியல்-எஸ்ர்கான் போன்றவை இதற்கென்றே இருக்கின்றன, ஃபைலும் சின்னது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா படத்தை அதில் போட்டுவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோல் மெழுகுபோல் வழவழப்பாகி, கண்ணில் இல்லாத ஒரு பளபளப்பு வந்திருந்தால் வீட்டார் "இது எங்க அப்பாவா?" என்பார்கள். முகத்தை மட்டும் பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்டுங்கள்.

இனிப் பின்பக்கத்துக்கு வருவோம்.

புரோகிராம் எழுதும் மாடல் ஒரு குறிப்பிட்ட தேதிவரை உலகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12, 28 என்ற படிகள் பெரும்பாலான பொருட்களுக்குப் போய், 5, 18 என்றாகி, மேலே 40 சேர்ந்தது. 2024இல் பயிற்சி முடிந்த மாடலிடம் பில்லிங் சாப்ட்வேர் கேட்டால் பழைய நாலு படியையும் புரோகிராமுக்குள்ளேயே ஆணியடித்துத் தரும். வெப்சைட் கேட்டால் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட கிரியேட் ரியாக்ட் ஆப்பிலிருந்து தொடங்கும். புரோகிராம் ஓடும், பார்க்கவும் அழகாக இருக்கும். அதனால்தான் இந்தப் பக்கம் புதியது வேண்டும் என்கிறேன். புதிய மாடலும் அடுத்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தை அறியாது என்பதால் வரி விகிதத்தைத் தேதியோடு தனி அட்டவணையில் வைக்கச் சொல்லுங்கள். புரோகிராமுக்குள் எண் இருக்கவே கூடாது.

உரிமக் கண்ணி இங்கேயும் உண்டு. 2024இல் வந்த குவென் 2.5 கோடர் குடும்பத்தில் 0.5, 1.5, 3, 7, 14, 32 பில்லியன் பராமீட்டர் (ஒரு பில்லியன் 100 கோடி) என்று ஆறு அளவு. ஐந்து அப்பாச்சி 2.0. அந்த 3 பில்லியன் மட்டும் ஆராய்ச்சி உரிமம், வணிகத்துக்கு ஆகாது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர் கை நேராக அதன்மேல்தான் போகும். அதே ஆண்டு மே மாதம் மிஸ்ட்ரால் விட்ட 22 பில்லியன் கோட்ஸ்ட்ராலின் ஃபைலும் எல்லோருக்கும் கிடைத்தது, உரிமம் சோதித்துப் பார்க்க மட்டும். ஃபைல் கிடைப்பது வேறு, பிழைப்புக்குப் பயன்படுத்த அனுமதி கிடைப்பது வேறு. 2024 அக்டோபரில் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு, ஏஐயில் திறந்த மூலம் என்றால் என்ன என்று வரையறை வெளியிட்டது. பயிற்சித் தரவைப் பற்றிப் போதிய விவரமும் தர வேண்டும் என்கிறது அது. அந்த அளவுகோலில் நாம் பேசிக்கொண்டிருக்கும் மாடல்களில் பெரும்பாலானவை தேறா. நம் கடைக்கு அந்தச் சர்ச்சை அவசரமில்லை. உரிமத்தில் அப்பாச்சி 2.0 அல்லது எம்ஐடி என்று இருக்கிறதா என்பதே அவசரம்.

இன்றைக்கு நான் பரிந்துரைப்பது 2025 ஜூலை, ஆகஸ்டில் வந்த இரண்டை. குவென் 3 கோடரின் 30 பில்லியன் மாடல். ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-ஓஎஸ்எஸ் 20 பில்லியன் மாடல். இரண்டும் அப்பாச்சி. அந்தச் செப்டம்பர் வரி மாற்றத்துக்கு முன் வந்தவை என்பதால் தனி அட்டவணை இவற்றுக்கும் வேண்டும். முழு மாடலும் நினைவகத்தில் உட்கார வேண்டும், ஆனால் ஒவ்வொரு டோக்கனுக்கும் (எழுத்துத் துண்டுக்கும்) வேலை செய்வது மூன்று, மூன்றரை பில்லியன் பராமீட்டர்தான். அதனால் கார்டில் கொள்ளாத பாகம் சாதாரண ரேமில் கிடந்தாலும் வேகம் சகிக்கும்படி இருக்கிறது. ஜிபிடி-ஓஎஸ்எஸ் 16 ஜிபிக்குள் அடங்கும்படியே செய்யப்பட்டது. நீங்கள் இந்த மடலைப் படிக்கும்போது இவற்றை மிஞ்சியது வந்திருக்கும். வந்திருந்தால் அதை எடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

மிஞ்சியதா என்று எப்படித் தெரியும்? மதிப்பெண் பட்டியலை நம்பாதீர்கள். ஹ்யூமன்இவால் என்ற புகழ்பெற்ற தேர்வில் மொத்தம் 164 பைத்தான் கேள்விகள், 2021 முதல் இணையத்தில் விடையோடு கிடக்கின்றன. நம் கடையின் கேள்வித்தாளை நாமே எழுத வேண்டும். என்னுடையதிலிருந்து மூன்றைத் தருகிறேன்.

தமிழ்ப் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணும் ஃபங்ஷன் கேளுங்கள். "கொழுக்கட்டை" நம் கணக்கில் ஆறு எழுத்து. பைத்தானின் லென் கட்டளைக்கு அது பதினொன்று, ஏனென்றால் ஒகரக் குறி, உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. சுமாரான மாடல் கண்ணை மூடிக்கொண்டு லென் போடும். நல்ல மாடல் உயிர்மெய்யைச் சேர்த்து எண்ணும். இன்னும் நல்லது, எதற்காக என்று கேட்கும்: பத்திரிகைக் கட்டத்தில் பெயர் அடங்குமா என்று பார்க்க ஆறு வேண்டும், 70க்குள் அடங்க வேண்டிய தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதினொன்று வேண்டும்.

இரண்டாவது, 333 ரூபாய்ப் பொருளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மொத்தமாகப் போட்டால் 16.65. மத்திய, மாநிலப் பங்காகப் பிரித்தால் இரண்டரை சதவீதம் 8.325, பைசாவுக்கு முழுமையாக்கினால் 8.33, இரண்டும் சேர்ந்து 16.66. எந்த இடத்தில் முழுமையாக்குவது என்று மாடல் யோசிக்கிறதா, ஃப்ளோட் போடாமல் டெசிமல் போடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, யூனிகோடுக்கு முந்தைய பாமினி ஃபான்ட். பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை எல்லார் கடையிலும் தேங்கிக் கிடக்கிறது. பாமினியில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று விசை. யூனிகோடில் க முன்னால், ஒகரக் குறி பின்னால். ஒவ்வொரு விசையாக மாற்றிக்கொண்டே போகும் புரோகிராமில் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். மூன்று விசைச் சேர்க்கையை முதலில் தேடி, பிறகு இரண்டு விசை, கடைசியில் ஒற்றை விசை என்று போகும் மாடல் தேறியது. பெரும்பாலான சின்ன மாடல்கள் இதில் கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன்.

சொந்தக் கேள்விகளில் தேறிய மாடலையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 16 மாடல்களை வைத்து 5,76,000 புரோகிராம் துண்டுகளை எழுதவைத்து ஆராய்ந்தார்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள். அவை நிறுவச் சொன்ன பேக்கேஜ்களில் உலகத்திலேயே இல்லாதவை, விலைக்கு விற்கும் மாடல்களில் சராசரி 5.2 சதவீதம், திறந்த மாடல்களில் 21.7 சதவீதம். 2024இல் வந்த ஆய்வு, அப்போதைய மாடல்கள். விகிதம் மாறியிருக்கலாம், ஆபத்து மாறவில்லை: இல்லாத அந்தப் பெயரில் ஒருவன் விஷம் வைத்த பேக்கேஜை ஏற்றிவைத்துக் காத்திருக்கலாம். மாடல் சொன்ன பேக்கேஜ் பெயரை நிறுவும் முன் பைத்தான் பேக்கேஜ் கிடங்கான பைபிஐயில் அதன் பக்கத்தைத் திறந்து, எப்போது வந்தது, யார் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள். இதே எச்சரிக்கை படப் பக்கத்துக்கும் உண்டு. சிகேபிடி என்று முடியும் பழைய மாடல் ஃபைலுக்குள் புரோகிராமை ஒளித்துவைக்க முடியும். சேஃப்டென்சர்ஸ் என்று முடிவதை மட்டும் எடுங்கள்.

ஒரே கார்டில் இரண்டு வேலையும் பார்ப்பவர்களுக்கு இரண்டு சில்லறை விஷயம். புரோகிராம் மாடலை ஓட்டும் ஓல்லாமா செயலியில் மாடலைக் கேள்வி கேட்டு முடித்த பிறகும் அது ஐந்து நிமிடம் கார்டில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் கம்ஃபியூஐ என்ற படச் செயலியில் படம் போட்டால் நினைவகம் போதாது என்று சிவப்பில் திட்டும். கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், மாடலை இறக்கிவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, ஓல்லாமாவில் மாடல் ஒரே தடவையில் படிக்கும் வழக்கமான அளவு முதலில் 2048 டோக்கனாக இருந்தது, பிறகு 4096 ஆனது. நீளமான ஃபைலைக் கொடுத்தால் முன்பாதியை ஓசைப்படாமல் வெட்டிவிடும். "மாடல் முட்டாளா இருக்கு சார்" என்று வந்த புகார்களில் கணிசமானவை இதுதான்.

டவுன்லோடு செய்த அன்றே ஃபைல் பெயர், தேதி, உரிமத்தின் நகல் மூன்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5ஐ வெளியிட்ட ரன்வே, 2024 ஆகஸ்டில் மாடல் கிடங்கான ஹக்கிங் ஃபேஸிலிருந்து அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டது. நகல் வைத்திருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

கடைசியாக, கார்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. மாதம் நாலு பத்திரிகை, வருடம் ஒரு வெப்சைட் என்றால் வாங்காதீர்கள். இணையத்தில் காசு கொடுத்துப் பயன்படுத்தும் மாடல்களே மலிவு, புரோகிராமில் இன்னும் கெட்டிக்காரத்தனமும் உண்டு. நகைக்கடை வாடிக்கையாளர் பட்டியல், ஆஸ்பத்திரி பில் என்று பிறர் தரவைக் கையாளுகிறவர்கள், தினமும் பத்து டிசைன் தள்ளுகிறவர்கள், சொந்த லோரா செய்யப் போகிறவர்கள், இவர்களுக்குத்தான் கார்டு. அப்படி வாங்குவதானால் கார்டின் வேகத்தைப் பார்க்காமல் நினைவகத்தைப் பாருங்கள். 8 ஜிபியில் புதிய கார்டைவிட 12 ஜிபியில் முந்தின தலைமுறைக் கார்டு நம் வேலைக்கு மேல். 16 கிடைத்தால் இரண்டு பக்கமும் ஓடும்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவன்